முள் நேராக நின்றது

டிரைவரின் மனைவி வந்து நின்றபோது சர்வேயர் மேசை மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதன் திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். உடைந்த படகுகளைப் பார்த்து, அவை உடைந்தது ஏன் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதுதான் அவர் செய்துவந்த வேலை. ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியும், ஏன் என்று கேட்பவர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தவர் அவருடைய மைத்துனர். டயர்க் கடையை மூடிவிட்டு அக்காள் வீட்டோடு வந்துவிட்டவர். வந்தவர்கள் உட்காரும் முன்பே குற்றவாளி யார் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அது தப்பென்று தெரிந்தால் கொஞ்சமும் மனம் தளராமல் அடுத்த முடிவுக்குப் போவார். இந்த உற்சாகத்தில் பாதியை டயர் விற்பதில் காட்டியிருந்தால் கடை இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

"உக்காருங்கம்மா," என்றார் சர்வேயர்.

அவள் உட்கார்ந்தாள். யாருடைய கதையையோ சொல்வதைப்போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். அவளுடைய கணவர், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய்விடும் படகை ஓட்டியவர். விடிவதற்கு முன் கிளம்பும் நடை அவருடையது. பகல் நடை அவளுடைய தம்பியுடையது. படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து மறுபடி இறக்கிய சில நாட்களில், துறைமுகத்து வாயிலில் என்ஜின் உடைந்து நின்றது. அலை படகைப் பாறைமேல் கொண்டுபோய் மோதியது. படகிலிருந்த மற்ற எல்லாரும் பிழைத்தார்கள்.

"அளவுக்கு மேல பல நாள் ஓட்டின என்ஜின்னு விசாரணையில சொல்லிட்டாங்க. நிமிஷத்துக்கு ஆயிரத்தறுநூறு சுத்துக்கு மேல போகக்கூடாத என்ஜின் சார் அது. ஒண்ணு, அவர் வேணும்னே விரட்டியிருக்கணும். இல்லன்னா ஆர்.பி.எம். மீட்டர் பொய் சொல்லியிருக்கணும்."

"மீட்டரைக் கடைசியா யார் பாத்தாங்க?"

"என் பையன். படகுப் பட்டறையில மெக்கானிக். பழுது பாக்கும்போது மீட்டரைக் கழட்டி, அளவு சரிபாத்து மாட்டினது அவன்தான்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "பட்டறையில நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. அவனும் தன் தப்புன்னுதான் நெனைக்கறான். அவர் போனதுலேர்ந்து வாயைத் திறக்கல. பாதி நாள் சாப்பிடறதில்ல. எனக்கு யாரையும் பிடிச்சுக் குடுக்க வேணாம் சார். அவன் தப்பு இல்லன்னா அதை அவன்கிட்ட சொல்லுங்க. தப்புதான்னா அதையும் சொல்லிடுங்க. இப்படியே இருக்க முடியல."

மைத்துனர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "படகு முதலாளி எப்படிப்பட்ட ஆளு? இன்ஷூரன்ஸுக்காக..."

"மாப்ளே," என்றார் சர்வேயர், "அந்தத் தட்டை எடுத்து உள்ள வைங்க. திருகாணி தொலைஞ்சிடும்."

மறுநாள் காலையில் அவர்கள் அவளுடைய வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் ஒரு மரக் கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சுவரில் ஒரு கடிகாரம். அவளுடைய தம்பி அங்கேயே இருந்தார். அத்தான் போனதிலிருந்து இங்கேதான் படுக்கை என்றார்.

மகன் உள் அறையில் இருந்தான். அவள் அந்த வாசலுக்குப் போய், சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். விளக்கு அணைந்து எரிந்து, மறுபடி அணைந்து எரிந்தது. முப்பதை நெருங்கும் ஆள் ஒருவன் பாயின்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் நிமிரவில்லை.

"கரண்ட் ஏத்த இறக்கமா வருதோ?" என்றார் மைத்துனர்.

"இல்ல. பழக்கம்," என்றாள் அவள்.

சர்வேயர் அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, மீட்டரை மாட்டியதைப் பற்றி மெதுவாகக் கேட்டார். பதில் இல்லை. "நட்டுக்கு என்ன பண்ணின?" என்று கேட்டபோது மட்டும் அவன் தன் வலது கை விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. இத்தனை நாளாகியும் அவன் அதைத் தேய்த்துக் கழுவவில்லை.

முன்னறையில் தம்பி பேசத் தயாராகவே இருந்தார். பேசாமல் இருந்து பழக்கம் இல்லாத மனிதர், இந்த வீட்டில் பேச ஆள் கிடைக்காமல் தவித்துப்போயிருந்தார்.

"அத்தான் மாதிரி டிரைவர் கிடையாது சார். மீட்டரெல்லாம் அவருக்குச் சும்மா. நூறு சுத்து கூடினாலும் சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிடுவார். நான் அப்படி இல்ல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு நம்பரைப் பாத்துத்தான் ஓட்டுவேன். அவர் போய் என்ஜினை விரட்டினார்னு சொல்றாங்களே, வாயில புண்ணு வந்துடும்."

"பழுது பாத்து இறக்கின பிறகு படகு எப்படி இருந்தது?"

"பஞ்சு மேல போற மாதிரி. என்ஜினுக்கு அடியில எல்லா ரப்பரும் புதுசு. லீவர் கேபிள் புதுசு. அடிப்பக்கம் பாசி சுரண்டி பெயின்ட் அடிச்சது, அதனால ஓட்டமும் கூடிச்சு." பேசிக்கொண்டே அவர் எழுந்து போய், ஒரு பக்கம் சாய்ந்திருந்த சுவர்க் கடிகாரத்தை ஒரு விரலால் நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். தான் எழுந்து போனதே அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

பட்டறைக் கொட்டகையில் அந்தப் படகு ஒருக்களித்துக் கிடந்தது. வயிற்றுப் பக்கம் பலகை பெயர்ந்திருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் என்ஜினைப் பிரித்துப் பார்த்ததோடு சரி, சுக்கான் அறையை யாரும் தொடவில்லை. மைத்துனர் உள்ளே தலையை நீட்டியதும் சிரித்துவிட்டார்.

"அத்தான், இந்த மீட்டர் பலகையை எவனோ தண்ணி போட்டுட்டு மாட்டியிருக்கான். எண்ணெய் மீட்டர் இடது பக்கம் சாயுது. சூட்டு மீட்டர் முக்கால்வாசி கவிழ்ந்தே கெடக்கு. நடுவுல ஆர்.பி.எம். மீட்டர் ஒண்ணுதான் ஒழுங்கா நேரா இருக்கு. அதையும் மூக்கை ஒட்டிப் பாத்தாத்தான் நம்பர் தெரியுது. வெயில்ல வெளுத்துப்போச்சு. சிவப்பு முள்ளு மட்டும் பளிச்சுன்னு இருக்கு."

சர்வேயர் பலகையின் பின்புறம் கையை விட்டு, டார்ச்சு அடித்து வெகுநேரம் பார்த்தார். மற்ற மீட்டர்களின் நட்டுகள் துருவேறி இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தன. ஆர்.பி.எம். மீட்டரின் நட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. அவர் விரலால் திருக, சற்று முரண்டு பிடித்துவிட்டுச் சுழன்றது.

"மஞ்சள் பெயின்டைப் பாத்தீங்களா?" என்றார்.

மைத்துனர் எட்டிப் பார்த்தார். மீட்டரின் பின்னாலிருந்த சின்னத் திருகாணியின்மேல் ஒரு மஞ்சள் பொட்டு. மீட்டரின் உடம்பில், விளிம்போரம் இன்னொன்று. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பலகையில் மற்றொன்று. "பையன் கை சுத்தம் போதாது. கண்ட இடத்துல தீத்தியிருக்கான்."

"விளிம்புல இருக்கறதும் பலகையில இருக்கறதும் அரை வட்டம், கவனிச்சீங்களா?" என்றார் சர்வேயர். இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, மீட்டரைக் கழற்றினார்.

அதே வகை என்ஜினும் அதே அளவு டைனமோவும் உள்ள வேறொரு படகு பட்டறையில் இருந்தது. மீட்டரின் ஒயரை அந்த டைனமோவில் கொடுத்தார்கள். இந்த வகை மீட்டர் என்ஜினை நேரடியாகப் பார்ப்பதில்லை. டைனமோ சுற்றுவதை வைத்துத்தான் என்ஜின் கணக்கைச் சொல்லும். அதனால் என்ஜினின் முன்சக்கரத்தில் மினுங்கும் ஒட்டுநாடாவைத் துண்டாக வெட்டி ஒட்டினார் சர்வேயர். அது ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கைக்கருவியின் ஒளிபட்டுத் திரும்பும். கருவி அதை எண்ணும். மீட்டரும் கருவியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பின்னாலிருக்கும் திருகாணியைத் திருகி ஒத்துப்போக வைப்பார்கள். மகன் செய்ததும் இதைத்தான்.

"எண்ணூறு," என்று கத்தினார் மைத்துனர், கைக்கருவியைப் பிடித்தபடி.

"எண்ணூறு," என்றார் சர்வேயர், மீட்டரைப் பார்த்து.

வேகத்தைக் கூட்டினார்கள். ஆயிரத்திருநூறு, ஆயிரத்தறுநூறு. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, என்ஜின் நிதானப்படும் வரை காத்திருந்து பார்த்தார்கள். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. வித்தியாசம் முள்ளின் தடிமன்கூட இல்லை.

என்ஜினை நிறுத்தியதும் மைத்துனரின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப மீட்டர் பொய் சொல்லல. டிரைவர்தான் விரட்டியிருக்கார். அந்தம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது?"

சர்வேயர் கொட்டகையின் பக்கம் நடந்தார். கொட்டகை வாசலில் ஒருவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். படகில் கயிறு பிடிக்கிறவர், விபத்தன்றும் கூட இருந்தவர். எல்லாரும் அவரைக் கயிறு என்றே கூப்பிட்டார்கள்.

"அவர் ரொம்ப மாறிட்டார் சார்," என்றார் கயிறு. "செத்தவரைப் பத்திச் சொல்லக்கூடாது. ஆனா தலைக்கனம் வந்துடுச்சு. முன்னெல்லாம் வயர்லெஸ்ல அவரேதான் பேசுவார். ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும், அதை என் தலையில கட்டிட்டார். கடைசி வாரம் என்ஜின் கத்தின கத்துக்குப் பின்னாலேர்ந்து எத்தனை தடவை சொன்னேன், கொஞ்சம் குறைங்கன்னு. காதுலயே போட்டுக்கல. திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

"பகல் நடையிலயும் கத்திச்சா?"

கயிறு யோசித்தார். "இல்ல. அது சாதாரணமாத்தான் ஓடிச்சு."

"டிரைவர் மீட்டரைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காரா?"

"முள்ளு நட்டுக்குத்தலா நின்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்பார். மூணு முள்ளும் நேரா நிக்குதான்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். நம்பரெல்லாம் கணக்குப்பிள்ளை பாக்கறதும்பார்."

திரும்பி வரும் வழியெல்லாம் மைத்துனர் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டார். சர்வேயர் ஒரு பெட்டிக்கடை வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்ட முகம் அது. அதில் சந்தோஷம்தான் இல்லை.

மறுநாள் எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். டிரைவரின் மனைவி மகனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அவன் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். அவளுடைய தம்பியும் கயிறும் படகோரம் நின்றார்கள்.

"முதலாளியைக் கூப்பிடலையா?" என்று கிசுகிசுத்தார் மைத்துனர். அவருக்கு இன்னும் அந்தப் பக்கம் ஒரு சபலம் இருந்தது.

"அவருக்கு அந்தப் பலகை எங்க இருக்குன்னே தெரியாது," என்றார் சர்வேயர். மகனைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். "தம்பி, உன் மீட்டரை வேற என்ஜின்ல போட்டுப் பாத்தேன். எல்லா வேகத்துலயும் சரி. திருகாணி மேல நீ வெச்ச பெயின்ட் உடையல. நீ வெச்ச அளவை யாரும் தொடல."

மகன் அசையவில்லை. அவனுடைய அம்மா கண்களை மூடித் திறந்தாள்.

"ஆனா நீ பெயின்ட் வெச்சது ரெண்டு இடத்துல. திருகாணி மேல ஒண்ணு. மாட்டி முடிச்சதும், பாதி மீட்டர் மேலயும் பாதி பலகை மேலயுமா இன்னொண்ணு. அசைஞ்சா தெரியணும்னு. அது உடைஞ்சு ரெண்டு அரை வட்டமா விலகிக் கெடக்கு. மாப்ளே, இங்க வாங்க."

மீட்டரை அவர் பழையபடி பலகையில் பொருத்தியிருந்தார். இப்போது அதை மெல்லத் திருப்பினார். பின்னால் நின்று பார்த்த மைத்துனர், இரண்டு அரை வட்டமும் சேர்ந்து ஒரே பொட்டானதும் "நிறுத்துங்க" என்றார். முன்பக்கம் மீட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, மற்ற இரண்டைப் போலவே.

"இப்ப முன்னால வந்து, உச்சியில என்ன நம்பர் இருக்குன்னு பாருங்க."

மைத்துனர் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினார். "ஆயிரத்தறுநூறு."

"நேரா இருந்தப்போ?"

"ரெண்டாயிரம்." சொல்லிவிட்டு அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"பலகையை மாட்டினவன் குடிக்கல," என்றார் சர்வேயர். "டிரைவர்தான் அப்படி வெச்சிருந்தார். எண்ணெய் சரியா இருந்தா அந்த முள்ளு நேரா நிக்கும். சூடு சரியா இருந்தா இந்த முள்ளு நேரா நிக்கும். வேகம் சரியா இருந்தா நடு முள்ளு நேரா நிக்கும். இருட்டுல நம்பர் தேட வேணாம். இந்தப் பையன் அதை அப்படியே திரும்ப மாட்டினான். அப்பா பழக்கம் அவனுக்குத் தெரியும். அதுக்கப்புறம் யாரோ மீட்டரை நேராக்கிட்டாங்க. டிரைவர் வழக்கம்போல முள்ளை நிமித்தி ஓட்டினார். தினமும் நானூறு சுத்து கூடுதல். அவர் விரட்டல. சரியாத்தான் ஓட்டறோம்னு நம்பித்தான் ஓட்டினார்."

"மோதின வேகத்துல திரும்பியிருக்கலாமே," என்றார் கயிறு.

"மோதித் திரும்பியிருந்தா நட்டு தளர்ந்திருக்கும். இது கையால இறுக்கின நட்டு. பாத்துப் பண்ணின வேலை. சுக்கான் முன்னால நிக்கறது ரெண்டே பேர். அதுல ஒருத்தர் முள்ளைப் பாப்பார். இன்னொருத்தர் குனிஞ்சு நம்பரைப் பாப்பார். அதான் பகல் நடையில என்ஜின் கத்தல."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவர் சாய்ந்து நின்ற மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார். "வருஷக்கணக்கா கழுத்தைச் சாய்ச்சே பாத்துக்கிட்டிருந்தேன். முன்ன நட்டு துருவேறிக் கெடந்தது, அசைக்க முடியாது. பழுது பாத்து இறக்கின அன்னைக்குத் தொட்டதும் திரும்பிச்சு. நேராக்கி நட்டை இறுக்கிட்டேன். மத்த ரெண்டும் வரல. அத்தான்கிட்ட சொல்லணும்னுகூடத் தோணல. அது என்ன பெரிய விஷயம்னு..." அவர் சர்வேயரின் பக்கம் திரும்பினார். "ஆனா சார், அதனால எப்படி? மீட்டர் எப்படி இருந்தா என்ன? நானூறு கூடினா அந்த என்ஜின் போடற கூச்சலுக்குச் செத்தவனே எழுந்திரிப்பான். அத்தானுக்குக் கேக்காமயா இருந்திருக்கும்?"

நகம் கடிப்பதற்கு வாயருகே கொண்டுபோன கையை மைத்துனர் அப்படியே வைத்திருந்தார். விளக்கு சுவிட்ச் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சர்வேயர் டிரைவரின் மனைவியைப் பார்த்துவிட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் தான் இல்லை என்று அவர் முந்தின நாளே முடிவு செய்திருந்தார்.

"கேக்காது," என்றாள் அவள்.

தம்பி அவள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமாச்சு. மொதல்ல ஒரு காது, அப்புறம் ரெண்டும். உதட்டைப் பாத்துச் சமாளிப்பார். தெரிஞ்சா படகுலேர்ந்து இறக்கிடுவாங்கன்னு பயம். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். நான் பையன்கிட்டகூடச் சொல்லல." அவள் தம்பியைப் பார்த்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இப்போதும் இல்லை. "உன்கிட்ட மட்டும் சொல்லலாம்னார். கூடாதுன்னு சொன்னது அவர் இல்ல. நான். அவர் இறங்கினா அந்த நடையும் உனக்குத்தான் வரும். அதனால உன்கிட்டதான் முக்கியமா மறைச்சேன். சொல்லியிருந்தா நீ அதைத் தொட்டிருப்பியா?"

தம்பி தலையை ஆட்டினார். மாட்டேன் என்பதாகத்தான் இருந்தது. பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காதுக்குப் பதிலா முள்ளு இருந்தது," என்றார் சர்வேயர். யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "முள்ளு தப்பினாலும் கால் சொல்லியிருக்கும். ஆனா ரப்பர் புதுசு, நடுக்கம் மேல வரல. லீவர் பிடிச்ச கை சொல்லியிருக்கும். கேபிளும் புதுசு, பழைய பிடி மாறிப்போச்சு. ஓட்டம் கூடினதுக்குக் காரணம் பெயின்ட்னு நெனச்சிருப்பார். எல்லாத்தையும் நல்லா பழுது பாத்திருந்தாங்க."

மகன் எழுந்தான். யாரையும் பார்க்காமல் வெளியே போய் வீட்டுப் பக்கம் நடந்தான்.

கயிறு தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலைக்கனம்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே," என்றார். அவருக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவரவருக்கு அவரவர் பங்கு இருந்தது.

அவளை வீட்டில் விடுவதற்காகச் சர்வேயரும் மைத்துனரும் கூடவே போனார்கள். தம்பி பத்தடி பின்னால் வந்தார். நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. மைத்துனர் வழியில் ஒருமுறை மட்டும் சர்வேயரின் முழங்கையைத் தொட்டு, "அத்தான், உங்களுக்கு ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

"முட்டி வலிக்குது," என்றார் சர்வேயர்.

தம்பி வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றுவிட்டார். அவள் அவரை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. உண்மை தெரிந்தால் நெஞ்சு லேசாகும் என்று ஒருவேளை அவள் நினைத்திருக்கலாம். வெளியே வந்தபோது அவள் முகம் காலையில் இருந்த மாதிரியேதான் இருந்தது.

சோற்றுத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, உள் அறை வாசலுக்குப் போனாள். கை தானாகச் சுவிட்சுக்குப் போயிற்று. விளக்கு அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது.

பாயின்மேல் உட்கார்ந்திருந்த மகன் நிமிர்ந்து அந்த விளக்கைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்குக் காது கேக்கும்மா," என்றான்.

வெகுநாள் புழங்காத குரல், கரகரவென்று வந்தது. அவள் சுவிட்சின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். அழுவாள் என்று மைத்துனர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. கையை மட்டும் கீழே எடுத்தாள்.

"அப்ப வந்து சாப்பிடு," என்றாள். "தெருவுல நிக்கறான் பாரு. அவனையும் கூப்பிடு."

மகன் எழுந்து முன்னறையைக் கடந்து வாசலுக்கு வந்தான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். பிறகு, தெருக்கோடி வரை கேட்கும்படி, "மாமா" என்று கூப்பிட்டான்.